அருகம்புல், முருங்கைச் சக்கை, மிச்சச் சோறு... சிங்க் மெஷினுக்குள் எதெல்லாம் போகக் கூடாது?

விநாயகர் சதுர்த்தி அன்று பிள்ளையார்பட்டி கற்பக விநாயகருக்கு முக்குறுணி கொழுக்கட்டை படைப்பார்கள். காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் இடையில் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் அன்றைக்குக் கால் வைக்க இடம் இருக்காது. நகரத்தார்களின் ஒன்பது நகரக் கோயில்களில் பிள்ளையார்பட்டியும் ஒன்று. 'நாங்க பிள்ளையார்பட்டி கோயில்' என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர் எல்லாம் தாண்டி அமெரிக்கா வரைக்கும் இருக்கின்றன. சதுர்த்தி அன்று அங்கேயும் கொழுக்கட்டை வேகும்.

அப்படி ஓர் அமெரிக்க அப்பார்ட்மென்ட் சமையலறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மகளின் பிரசவத்துக்காக ஊரிலிருந்து போயிருக்கும் ஆத்தா, பூஜை முடிந்து பாத்திரம் தேய்க்க நிற்கிறார். சிங்க்கில் கொழுக்கட்டை மாவு ஒட்டிய பாத்திரம், பூரணம் கிளறிய சட்டி, சாமிக்குச் சாத்திய அருகம்புல், மத்தியானச் சாம்பாரில் கடித்துப் போட்ட முருங்கைக்காய்ச் சக்கை, ஒரு கரண்டி மிச்சச் சோறு. 'எல்லாத்தையும் அந்த ஓட்டைக்குள்ள தள்ளி சுவிட்சைப் போடுங்க ஆத்தா, அதுவே அரைச்சுத் தள்ளிரும்' என்று வந்த அன்றே மகள் சொல்லியிருக்கிறாள். ஆத்தாவும் சொன்னபடியே செய்கிறார். 'கர்ர்ர்' என்று ஓடிய மெஷின், 'ம்ம்ம்' என்று முனகி நின்றுவிடுகிறது. கறுத்த தண்ணீர் சிங்க்கில் மேலே ஏறுகிறது.

மாப்பிள்ளை டார்ச்சோடு சிங்க்குக்கு அடியில் படுக்கிறார். மகள், 'என்னத்தப் போட்டீக?' என்கிறாள். கேட்டது சாதாரணமாகத்தான். ஆனால், சம்பந்தி வீட்டுக்கு எதிரில் கேட்டதுபோல ஆத்தாவுக்கு முகம் சுருங்கிவிடும். அதன்பிறகு ஊர் திரும்பும்வரை அந்த சிங்க் பக்கம் போகவே கை தயங்கும்.

இதில் ஆத்தாவின் தப்பு ஒன்றுமே இல்லை. 'எல்லாத்தையும்' என்று மகள் சொன்னாள் பாருங்கள், அந்த ஒரு சொல்தான் தப்பு.

மிக்ஸியும் இல்லை, குப்பைத்தொட்டியும் இல்லை

அமெரிக்க வீடுகளில் 'கார்பேஜ் டிஸ்போசல்' என்று சொல்லப்படும் இந்த மெஷின், சிங்க் ஓட்டைக்கு நேர் கீழே ஒரு சின்னத் தூக்குவாளி மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். இந்தியாவில் 'ஃபுட் வேஸ்ட் டிஸ்போசர்' என்ற பெயரில் விற்கிறார்கள். உள்ளே மிக்ஸி மாதிரி கூர்மையான பிளேடு இருக்கிறது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். வழக்கமான மாடல்களில் அப்படி எதுவும் கிடையாது. அடியில் வேகமாகச் சுழலும் ஒரு வட்டத் தட்டு. அந்தத் தட்டின் மேல் மழுங்கலான இரண்டு இரும்புத் துண்டுகள். தட்டு சுழலும்போது உணவுக் கழிவை இவை ஓரத்துக்கு வீசியடிக்கும். ஓரத்தில் சுற்றிலும் பற்கள் வெட்டிய ஒரு வளையம் இருக்கிறது. கேரட்டைத் துருவியில் வைத்துத் தேய்ப்பதுபோல, கழிவு அந்த வளையத்தில் மோதி மோதித் துகளாகும். துகளானது தண்ணீரோடு குழாயில் இறங்கிவிடும்.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். துருவியில் கேரட்டைத் துருவலாம். சணல் கயிற்றைத் துருவ முடியுமா? நார் உள்ள எதுவும் இந்த மெஷினுக்குள் அரைபடாது. சுற்றிக்கொள்ளும். மாவுப் பொருள் அரைபடும், ஆனால் குழாய்க்குள் போய்ப் பசையாக ஒட்டும். எண்ணெய் அரைபடவே தேவையில்லை, ஆனால் குழாய்ச் சுவரில் ஒட்டிப் படியும். நம் சமையலில் இந்த மூன்றும் தாராளம். அமெரிக்க வீட்டு மெஷின் தமிழ்ச் சமையலறையில் அடிக்கடி மூச்சுத் திணறுவதற்குக் காரணம் அதுதான்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜான் ஹேம்ஸ் என்ற கட்டடக்கலை நிபுணர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் என்ற ஊர்க்காரர். 1927-ல் முதல் மெஷினைச் செய்தார், 1935-ல் காப்புரிமை கிடைத்தது, 1938-ல் 'இன்சிங்க்கரேட்டர்' நிறுவனத்தைத் தொடங்கினார். இன்றைக்கும் அந்தப் பெயர்தான் சந்தையில் பெரிய பெயர். அதற்காக அமெரிக்கா முழுக்க இதை உடனே கொண்டாடி வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். பழைய பாதாளச் சாக்கடை தாங்குமா என்ற பயத்தில் நியூயார்க் நகரத்தின் பெரும்பகுதியில் இதற்குத் தடையே இருந்தது. 1997-ல்தான் தடை நீங்கியது.

முதலில் சுவிட்ச் எங்கே என்று காட்டுங்கள்

ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு மகளோ மகனோ முதலில் காட்ட வேண்டியது மெஷினை அல்ல, சுவிட்சை. பல வீடுகளில் சிங்க் மேல் எரியும் விளக்கின் சுவிட்சும் இந்த மெஷின் சுவிட்சும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும். விளக்குப் போடப் போய் மெஷினைப் போட்டுவிடுவது சாதாரணமாக நடப்பது. அந்த நேரத்தில் யாராவது ஓட்டைக்குள் விழுந்த ஸ்பூனை எடுக்கக் கைவிட்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே உடம்பு சிலிர்க்கிறது. அந்த சுவிட்ச் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். பேரன் பேத்திகள் எட்டித் தொடும் உயரத்தில் இருந்தால் மூடி போட்ட சுவிட்சாக மாற்றச் சொல்லுங்கள்.

மெஷின் ஓடினாலும் நின்றாலும் உள்ளே கை விடக் கூடாது. ஸ்பூன், மோதிரம், திருகாணி எது விழுந்தாலும் இடுக்கிதான். அதுவும் மின் இணைப்பைத் துண்டித்த பிறகுதான்.

இனி ஓட்டும் முறை. முதலில் குளிர்ந்த தண்ணீர்க் குழாயை நன்றாகத் திறக்க வேண்டும். அடுத்து சுவிட்ச். மெஷின் முழு வேகம் எடுத்த பிறகு கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். பலரும் செய்வது இதற்கு நேர்மாறு. முதலில் ஓட்டை நிறையக் குப்பையை அடைத்து, பிறகு சுவிட்சைப் போட்டு, கடைசியில் தண்ணீரைத் திறக்கிறார்கள். நிறைய அரிசியைப் போட்டு அடைத்துவிட்டு கிரைண்டரை ஓடச் சொன்னால் ஓடுமா? அதே கதைதான்.

அரைக்கும்போது 'கடகட' என்று இருக்கும் சத்தம், உள்ளே எதுவும் மிச்சமில்லாதபோது சீரான 'விர்ர்' ஆக மாறும். மாவு அரைக்கும் கிரைண்டரின் சத்தத்தை வைத்தே பதம் சொல்லும் நம் அம்மாக்களுக்கு இதைக் கண்டுபிடிக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சத்தம் மாறியதும் மெஷினை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். இன்னும் 15, 20 விநாடி ஓடட்டும். மெஷினைத் தாண்டிய துகள், குழாயின் வளைவையும் தாண்டிப் போக அந்தத் தண்ணீர்தான் வண்டி.

ஏன் குளிர்ந்த தண்ணீர்? வெந்நீரில் கொழுப்பு உருகி வழுக்கிக்கொண்டு இறங்கும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் குழாயில் நாலடி தள்ளிப் போய் ஆறியதும் உறைந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீரில் கொழுப்பு கட்டியாகவே இருப்பதால் துகளாகி அடித்துக்கொண்டு போய்விடும்.

நம் சமையலறையின் எதிரிப் பட்டியல்

மெஷினோடு வரும் கையேட்டில் செலரி, ஆர்ட்டிசோக், சோளத்தோகை போடக் கூடாது என்று இருக்கும். செலரிக்கும் ஆத்தாவுக்கும் என்ன சம்பந்தம்? கையேட்டில் இல்லாத நம் பட்டியல் வேறு.

முதல் இடம் முருங்கைக்காய்ச் சக்கைக்கு. மென்று போட்ட முருங்கை என்பது கிட்டத்தட்ட கயிறு. இரண்டு துண்டு போதும், சுழலும் தட்டின் அச்சைச் சுற்றிக்கொள்ள. வாழைப்பூ ஆய்ந்தால் வரும் நரம்பு, வாழைத்தண்டு நார், வாழைப்பழத் தோல், வாழை இலைத் துண்டு... வாழை சம்பந்தப்பட்ட எதுவும் வேண்டாம். தேங்காய் நார் சொல்லவே வேண்டாம். பூண்டுத் தோலும் வெங்காயச் சருகும் லேசாக இருப்பதால் அரைபடாமல் நழுவி, குழாயின் வளைவில் போய்ப் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். கறிவேப்பிலையும் அப்படித்தான். ஒன்றிரண்டு தாளித்த இலை போனால் ஒன்றும் ஆகாது, கொத்தோடு போடுவதுதான் ஆபத்து.

புளி கரைத்த சக்கையில் நாரும் உண்டு, தவறிக் கிடக்கும் கொட்டையும் உண்டு. புளியங்கொட்டை மாதிரி கெட்டியான, வழுக்கும் பொருள் தட்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் சிக்கினால் மெஷின் அங்கேயே நிற்கும். மாங்கொட்டை, பலாக்கொட்டை எல்லாம் இதே ரகம். செட்டிநாட்டுச் சமையலுக்கென்று ஒரு தனி எச்சரிக்கை வேண்டும். முழுசாகத் தாளிக்கும் பட்டை, அன்னாசிப்பூ, பிரிஞ்சி இலை இவற்றைத் தட்டிலிருந்து ஒதுக்கிக் குப்பையில் போட்டுவிட வேண்டும். பட்டை என்பது மரத்தின் தோல்தான், அது ஊறினாலும் மரம்தான்.

எலும்பு விஷயத்தில் மெஷின் கம்பெனிகளே 'சின்ன எலும்பு போடலாம்' என்கின்றன. ஆனால், கம்பெனி சொல்வது எந்த எலும்பை என்று யோசிக்க வேண்டும். கடையில் வாங்கும் பிராய்லர் கோழியின் இறக்கை எலும்பு வேறு, நாட்டுக்கோழிக் கால் எலும்பு வேறு. ஆட்டு எலும்புக்கும் நண்டு ஓட்டுக்கும் இங்கே இடமே இல்லை. வாடகை வீட்டில் இருக்கும் பழைய, சக்தி குறைந்த மெஷினில் எந்த எலும்பையும் சோதித்துப் பார்க்காமல் இருப்பதே நல்லது.

சோறும் மாவும் வேறு வகை எதிரிகள். இவை மெஷினைக் கெடுப்பதில்லை, குழாயைக் கெடுக்கும். சோறு தண்ணீரில் ஊறினால் உப்பும். அரைபட்ட சோறு பசை. சின்ன வயதில் பட்டம் ஒட்ட சோற்றைத்தானே தேய்த்தோம்? அது குழாய்க்குள் வாழைநாரோடும் கறிவேப்பிலையோடும் சேர்ந்தால் சிமென்ட் மாதிரி இறுகும். தட்டு கழுவும்போது போகும் நாலு பருக்கை பரவாயில்லை. பாத்திரம் அடியில் நிற்கும் மிச்சச் சோறு, புளித்துப்போன இட்லி மாவு, ரவை, சேமியா இதெல்லாம் குப்பைக்குத்தான். கொழுக்கட்டைக்குக் கிளறிய மாவை ஒருமுறை கையால் வழித்து எடுத்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவுங்கள். முட்டை ஓட்டையும் காபித்தூளையும் பற்றிக் கம்பெனி ஒன்று சொல்லும், பிளம்பர் ஒன்று சொல்வார். இரண்டும் செடிக்கு நல்ல உரம். சண்டையில் இறங்காமல் தொட்டியில் போட்டுவிடலாம்.

இத்தனை வேண்டாம் என்றால் எதைத்தான் போடுவது? வெந்த காய்கறி மிச்சம், குழம்புத் தான், தக்காளி, பூசணிக்காய் உட்சதை, வெள்ளரித் துண்டு, வெட்டிப் போட்ட பழத்துண்டு, தட்டில் ஒட்டிய பருப்பு. தட்டு கழுவும்போது சிங்க்கில் விழுகிறதே, அதற்காக வந்த மெஷின் இது. சாக்குப் பையில் போக வேண்டிய குப்பைக்காக வந்தது அல்ல.

பூஜை அன்று கொஞ்சம் கூடுதல் கவனம்

சதுர்த்தி அன்று அருகம்புல்லும் எருக்கம்பூ மாலையும் கட்டாயம். அருகம்புல்லின் தண்டு எவ்வளவு உரம் என்று கொல்லையில் களை பிடுங்கியவர்களுக்குத் தெரியும். பூ மாலையில் பூ வாடி உதிர்ந்துவிடும், கட்டிய நூலும் வாழைநாரும் அப்படியே இருக்கும். சாமிப் பூவைக் காலில் படாமல் போட வேண்டுமே என்று நல்லெண்ணத்தில் சிங்க்கில் கழுவிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதைத் தனியாக ஒரு காகிதப் பையில் சேர்த்து, செடியடியில் போடுவதுதான் சாமிக்கும் மரியாதை, மெஷினுக்கும் நல்லது.

இன்னொன்று, களிமண் பிள்ளையார். ஊரணியோ ஆறோ பக்கத்தில் இல்லாத வெளிநாட்டு வீடுகளில் வாளித் தண்ணீரில் கரைப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. நல்ல பழக்கம். ஆனால், கரைத்த தண்ணீரை சிங்க்கில் ஊற்றாதீர்கள். களிமண் குழாயின் வளைவில் படிந்து இறுகினால் கழற்றித்தான் எடுக்க வேண்டும். துளசித் தொட்டிக்கோ தோட்டத்துக்கோ ஊற்றினால் போதும்.

எண்ணெய்க்கு ஒரு பழைய பாட்டில்

வடை, சீயம், கந்தரப்பம், பணியாரம் என்று சட்டி ஏறும் வீடுகளில் மிஞ்சிய எண்ணெயை என்ன செய்வது என்பது எப்போதும் இருக்கும் கேள்வி. சிங்க்கில் ஊற்றக் கூடாது. மெஷின் இருந்தாலும் கூடாது, இல்லாவிட்டாலும் கூடாது. நெய், டால்டா, கறிக்குழம்பின் மேல் மிதக்கும் கொழுப்பு எல்லாமே அடக்கம்.

ஒரு வீட்டில் ஊற்றும் ஒரு கரண்டி என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். 2017-ல் லண்டனில் வைட்சேப்பல் பகுதிப் பாதாளச் சாக்கடையில் சுமார் 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் ஒரு கொழுப்புப் பாறையைக் கண்டுபிடித்தார்கள். சமையல் எண்ணெயும், கழிவறையில் போட்ட ஈரத்துணிகளும் சேர்ந்து இறுகியது. உடைத்து அகற்ற வாரக்கணக்கில் ஆனது. அதில் ஒரு துண்டைப் பிறகு லண்டன் அருங்காட்சியகத்திலேயே காட்சிக்கு வைத்தார்கள்! எல்லாம் கரண்டி கரண்டியாகப் போனதுதான்.

எண்ணெய் ஆறியதும் பழைய பாட்டிலில் ஊற்றி மூடி, குப்பையோடு கொடுத்துவிடுங்கள். சட்டியில் ஒட்டியதைக் காகிதத்தால் துடைத்துவிட்டுத் தேயுங்கள். பாதி வேலை மிச்சம்.

நின்றுவிட்டால் பதற வேண்டாம்

அடைத்துக்கொண்ட மெஷினை வீட்டிலேயே சரிசெய்ய முடிவது ரொம்ப சகஜம். சத்தத்தை வைத்துத் தொடங்குங்கள்.

சுவிட்சைப் போட்டால் எந்தச் சத்தமும் இல்லையா? மெஷினுக்கு அடியில், பெரும்பாலான மாடல்களில், ஒரு சின்னச் சிவப்பு பட்டன் இருக்கும். மோட்டார் சூடேறினால் கருகாமல் இருக்க அதுவே இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். அப்போது அந்த பட்டன் கொஞ்சம் வெளியே துருத்தி நிற்கும். சுவிட்சை அணைத்துவிட்டு பத்து நிமிடம் ஆறவிட்டு, பட்டனை உள்ளே அழுத்துங்கள். 'மெஷின் செத்துப்போச்சு' என்று புதிதாக வாங்கக் கிளம்பிய பலருக்குக் காசை மிச்சப்படுத்தியது இந்த பட்டன்தான்.

முனகல் மட்டும் கேட்டு, சுழலவில்லையா? உடனே அணையுங்கள். 'இன்னொரு தரம் போட்டுப் பார்ப்போம்' என்று நாலு முறை போட்டால் மோட்டார் கருகும். பிளக்கைப் பிடுங்குங்கள், பிளக் இல்லாவிட்டால் வீட்டின் மெயின் பெட்டியில் அந்த பிரேக்கரை இறக்குங்கள். டார்ச் அடித்துப் பார்த்து, சிக்கியதை இடுக்கியால் எடுங்கள். பிறகு மெஷினின் அடிப்பகுதி நடுவில் அறுகோண ஓட்டை ஒன்று இருக்கிறதா பாருங்கள். கால் அங்குல ஆலன் கீயை அதில் செருகி, இப்படியும் அப்படியும் திருகினால் தட்டு இளகிவிடும். பல மெஷின்களோடு அந்தச் சாவியையும் கொடுத்திருப்பார்கள், சிங்க்குக்கு அடியில் சோப்பு டப்பாக்களுக்குப் பின்னால் கிடக்கும், தேடுங்கள். அடியில் ஓட்டை இல்லாத மாடல் என்றால், மேலே இருந்து ஒரு மரத் துடைப்பக் கட்டையை விட்டு, தட்டை நெம்பிச் சுழற்ற வேண்டும். இளகியதும் இணைப்பைக் கொடுத்து, சிவப்பு பட்டனை அழுத்தி, தண்ணீரைத் திறந்து ஓட்டிப் பாருங்கள்.

மெஷின் நன்றாகச் சுழல்கிறது, தண்ணீர் மட்டும் இறங்கவில்லையா? அப்படியானால் அடைப்பு மெஷினில் இல்லை, அதற்கு அடுத்த வளைந்த குழாயில். ரப்பர் பம்ப்பால் அழுத்திப் பார்க்கலாம். டிஷ்வாஷரின் கழிவுக் குழாய் மெஷினோடு இணைந்திருந்தால் முதலில் அதைக் கிளிப் போட்டு இறுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் அழுக்குத் தண்ணீர் பாத்திரங்களின் மேல் ஏறிவிடும். அதற்கும் மசியாவிட்டால், கீழே வாளி வைத்து வளைவுக் குழாயின் நட்டைக் கழற்றினால் குற்றவாளி கையில் கிடைப்பார். பெரும்பாலும் சோறும் நாரும்தான்.

அடைப்பு நீக்கும் ஆசிட், பவுடர் மட்டும் வேண்டவே வேண்டாம். மெஷினின் உள்பாகங்களை அரிக்கும். அடைப்பு நீங்காமல் அந்தத் தண்ணீர் சிங்க்கில் தேங்கி நின்றால், அதற்குப் பிறகு கை வைக்கும் பிளம்பரின் கண்ணிலும் தோலிலும் தெறிக்கும்.

வாடகை வீடு என்றால் மெஷினைக் கழற்ற முயலாமல் அப்பார்ட்மென்ட் நிர்வாகத்தைக் கூப்பிடுங்கள். கூடவே வாடகை ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். தவறாகப் பயன்படுத்தியதால் வந்த அடைப்பு என்றால் செலவு குடியிருப்பவர் தலையில் என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும்.

நாற்றம் வந்தால் எல்லோரும் எலுமிச்சைத் தோலைப் போடச் சொல்வார்கள். வாசனை வரும், ஆனால் நாற்றத்தின் வீடு வேறு. சிங்க் ஓட்டையில் பூ இதழ் மாதிரி வெட்டிய கறுப்பு ரப்பர் இருக்கிறதல்லவா? அதன் அடிப்பக்கத்தில்தான் பாசி பிடித்துக் கிடக்கும். இணைப்பைத் துண்டித்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷில் பாத்திர சோப்பைத் தொட்டு ரப்பரைப் புரட்டித் தேயுங்கள். பிறகு ஒரு கைப்பிடி ஐஸ் கட்டியும் கல் உப்பும் போட்டுத் தண்ணீரோடு ஓட்டினால் உள்ளே ஒட்டியதும் உதிரும்.

சரி, பிள்ளையார்பட்டி வீட்டில் மாட்டலாமா?

வெளிநாட்டில் இருந்துவிட்டு வரும் பிள்ளைகள், ஊர் வீட்டைப் புதுப்பிக்கும்போது 'ஆத்தாளுக்கு வசதியா இருக்கும்' என்று இந்த மெஷினையும் மாட்ட நினைக்கிறார்கள். ஆசை நியாயமானது. ஆனால், மாட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: சிங்க் தண்ணீர் எங்கே போகிறது?

பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் இருக்கும் நகரத்தில் அரைத்த கழிவு அங்கே போய்ச் சேரும். கிராமத்து வீட்டில் அது உறிஞ்சுகுழிக்கோ, செப்டிக் டேங்குக்கோ, தெருவோர வாய்க்காலுக்கோதான் போகும். உறிஞ்சுகுழி என்பது தண்ணீரை மண்ணுக்குள் விடுவதற்கு. அதில் தினமும் அரைத்த கூழை விட்டால் மண்ணின் கண்கள் அடைத்துக்கொள்ளும், பிறகு தண்ணீரும் இறங்காது. செப்டிக் டேங்க்கில் அடியில் சேறு சீக்கிரம் ஏறும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே, செப்டிக் டேங்க் வைத்திருப்பவர்கள் இந்த மெஷினின் பயன்பாட்டைக் குறைத்துக்கொள்வது நல்லது என்றுதான் சொல்கிறது. வாய்க்காலில் விட்டால் கொசுவுக்கும் எலிக்கும் விருந்து.

தண்ணீர்க் கணக்கும் உண்டு. குழாய் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் விடும் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் மூன்று முறை ஒவ்வொரு நிமிடம் ஓட்டினாலும் 18 முதல் 24 லிட்டர். கிட்டத்தட்ட இரண்டு குடம். வளவு முற்றத்தில் விழும் மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்துப் பழகிய செட்டிநாட்டு வீட்டில், குப்பையைத் தள்ளிவிட இரண்டு குடம் தண்ணீர் என்றால் அப்பத்தா சும்மா இருப்பாரா?

அமெரிக்காவிலிருந்து பெட்டியில் மெஷினையே கொண்டு வரும் யோசனை இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. முதல் சுவிட்சிலேயே புகை வரும். இங்கேயே வாங்கி மாட்டுவதாக இருந்தாலும் சிங்க் ஓட்டை மூன்றரை அங்குலம், அதாவது சுமார் 90 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பழைய சிங்க்குகளில் பல இதற்குப் பொருந்தாது. சிங்க்குக்கு அடியில் எர்த் உள்ள பிளக் பாயின்ட் வேண்டும். தண்ணீர் சிந்தும் இடம் என்பதால் அதை எலக்ட்ரீஷியன்தான் வைக்க வேண்டும்.

இந்த ஊருக்கு ஏற்கெனவே ஒரு 'டிஸ்போசர்' இருந்தது, கழுநீர்த் தொட்டி. அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த் தோல், மிச்சச் சோறு எல்லாம் கொல்லையில் இருக்கும் தொட்டிக்குப் போகும். வாழை இலையும் பழத்தோலும் மாட்டுக்கு முன்னால் விழும். நாரா, மாவா என்று மாடு பார்க்காது. இங்கே மெஷின் தடுமாறும் பட்டியலில் பாதி, மாட்டுக்குப் பிடித்த பட்டியல்! இன்றைக்கு வீட்டில் மாடு இல்லாவிட்டாலும் தெருவில் யாராவது ஒருவரிடம் இருக்கும். அவர்களுக்கு ஒரு வாளி எடுத்து வைத்தால் வந்து வாங்கிக்கொள்வார்கள். பிளாஸ்டிக், ரப்பர் பேண்ட், ஊசிப்போன உணவு கலக்காமல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதுவும் முடியாதவர்களுக்கு மூடி போட்ட மண் தொட்டியில் உரம் போடலாம். காய்ந்த இலை ஒரு அடுக்கு, சமையல் கழிவு ஒரு அடுக்கு என்று போட்டு வந்தால் இரண்டு, மூன்று மாதத்தில் கொல்லைக் கருவேப்பிலைச் செடிக்கு உரம் தயார். குப்பையை மக்குவது, மக்காதது என்று பிரித்து வைத்தால் வீட்டு வாசலுக்கு வரும் தூய்மைக் காவலர்களும் வாங்கிக்கொள்வார்கள்.

அமெரிக்கா போகும் ஆத்தாவுக்கு மாடும் இல்லை, கொல்லையும் இல்லை. அங்கே மெஷினோடுதான் பழக வேண்டும். மகள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆத்தா வந்து இறங்குவதற்கு முந்தின நாள், ஒரு வெள்ளைத் தாளில் தமிழில், பெரிய எழுத்தில் எழுதி சிங்க்குக்கு மேலே அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடலாம்: 'முதலில் பச்சைத் தண்ணீர். பிறகு சிவப்பு ஸ்டிக்கர் சுவிட்ச். முருங்கை, வாழை, சோறு, புளி, எண்ணெய், பூ, எலும்பு வேண்டாம். கை விடக் கூடாது. நின்றுவிட்டால் அணைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்க ஆத்தா, நான் பார்த்துக்கிறேன்.'

பக்கத்திலேயே சிங்க் ஓரத்தில், வடிகட்டி போட்ட ஒரு சின்னக் கிண்ணமும்.